அம்மா, அதுதான் வேணும்!

உங்கள் தெருமுனைக் கடையை நினைத்துப் பாருங்கள். கடைக்கு முன்னால் சரம் சரமாகத் தொங்குவது என்ன? சிப்ஸ், சாக்லேட், பிஸ்கட், மிட்டாய். சிவப்பு, மஞ்சள், நீலம் என்று பளபளக்கும் பாக்கெட்டுகள்.

அவை எந்த உயரத்தில் தொங்குகின்றன? நம் கண்ணுக்கு நேராகவா? பெரும்பாலும் இல்லை. பிள்ளையின் கண்ணுக்கு நேராகத் தொங்குகின்றன. பிள்ளையின் கைக்கு எட்டும்படி தொங்குகின்றன. அரிசியும் பருப்பும் உள்ளே மூட்டையில் இருக்கும். வேர்க்கடலை டப்பா மேல் தட்டில் இருக்கும். அது பிள்ளையின் கண்ணில் படவே படாது.

நாம் சோப்பு வாங்கக் கடைக்குப் போகிறோம். பிள்ளையும் கூட வருகிறது. அப்புறம் நடப்பது நமக்குத் தெரிந்ததுதான்.

"அம்மா, அது வேணும்."

"வீட்டுல முறுக்கு இருக்குடா."

"முறுக்கு வேணாம். அதுதான் வேணும். டி.வி.யில வருமே, அது!"

பிள்ளை அழுகிறது. தரையில் உட்கார்ந்துகொள்கிறது. கடையில் நிற்பவர்கள் நம்மைப் பார்க்கிறார்கள். ஐந்து ரூபாய்தானே என்று வாங்கிக் கொடுத்துவிடுகிறோம்.

"டி.வி.யில வருமே" என்று பிள்ளை சொன்னதே, அந்தச் சொல்லைத்தான் இந்தப் பாடத்தில் பார்க்கப் போகிறோம்.

விளம்பரம் எங்கே இருக்கிறது?

விளம்பரம் என்றதும் நமக்கு டி.வி.தான் நினைவுக்கு வரும். டி.வி.யில் மட்டும் இல்லை. கடைச் சுவரில் இருக்கிறது. பேருந்தின் முதுகில் இருக்கிறது. பாக்கெட்டின் மேலே இருக்கும் பொம்மைப் படமும் விளம்பரம்தான். உள்ளே போட்டிருக்கும் ஸ்டிக்கரும் விளம்பரம்தான். கிரிக்கெட் வீரரின் சட்டையில் எழுதியிருப்பதும் விளம்பரம்தான்.

இப்போது செல்போனிலும் வந்துவிட்டது. பிள்ளை பொம்மைப் படம் பார்க்கிறது. நடுவில் விளம்பரம் வருகிறது. பிள்ளை விளையாடும் விளையாட்டிலும் விளம்பரம் வருகிறது. சில வீடியோக்களில் ஒரு சின்னப் பையன் பாக்கெட்டைப் பிரித்துத் தின்று காட்டுவான். "ஆகா, என்ன ருசி!" என்பான். அவன் தானாகத் தின்கிறானா, காசு வாங்கிக்கொண்டு தின்கிறானா? பெரியவர்களான நமக்கே சில நேரம் தெரிவதில்லை. பிள்ளைக்கு எப்படித் தெரியும்?

பிள்ளைக்கு ஏன் புரிவதில்லை?

நாம் விளம்பரத்தைப் பார்த்ததும், "இவன் பொருளை விற்கப் பார்க்கிறான்" என்று தெரிந்துகொள்கிறோம். கொஞ்சம் நம்புகிறோம், கொஞ்சம் சந்தேகப்படுகிறோம். நாலு வயதுப் பிள்ளைக்கு அந்தச் சந்தேகம் வராது. படம் எங்கே முடிந்தது, விளம்பரம் எங்கே தொடங்கியது என்றே அதற்குத் தெரியாது. எல்லாம் ஒரே கதைதான்.

ஏழு, எட்டு வயது வரைக்கும் இது விற்பதற்காகச் சொல்லும் பேச்சு என்று பிள்ளைகளுக்குச் சரியாகப் புரிவதில்லை. மனநல அறிஞர்கள் இதைப் பல காலமாகச் சொல்லி வருகிறார்கள். பெரியவர்கள் சொன்னால் உண்மையாகத்தான் இருக்கும் என்று பிள்ளை நம்புகிறது. நாம் அப்படி நம்பச் சொல்லித்தானே வளர்க்கிறோம்! அந்த நம்பிக்கைதான் விளம்பரக்காரருக்கு முதல்.

காகிதம் மாறினால் ருசி மாறுமா?

அமெரிக்காவில் கலிபோர்னியா என்று ஒரு மாநிலம். அங்கே ஒரு சோதனை செய்தார்கள். அதன் முடிவு 2007இல் வெளிவந்தது. 3 முதல் 5 வயது வரை உள்ள 63 பிள்ளைகள் அதில் கலந்துகொண்டார்கள். வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகள்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரே உணவை இரண்டு பங்காகக் கொடுத்தார்கள். ஒரு பங்கு வெறும் காகிதத்தில் இருந்தது. இன்னொரு பங்கு பெயர் பெற்ற ஓர் உணவுக் கடையின் காகிதத்தில் இருந்தது. டி.வி.யில் ஓயாமல் விளம்பரம் செய்யும் கடை அது. உள்ளே இருந்த உணவு ஒன்றேதான். "எது ருசி?" என்று கேட்டார்கள்.

நிறையப் பிள்ளைகள் கடைப் பெயர் போட்ட காகிதத்தில் இருந்ததே ருசி என்று சொன்னார்கள். இறைச்சி, உருளைக்கிழங்கு வறுவலுக்கு மட்டும் அப்படிச் சொல்லவில்லை. பாலுக்கும் சொன்னார்கள். கேரட்டுக்கும் சொன்னார்கள்! அந்தக் கேரட் சாதாரணக் கடையில் வாங்கியது. வீட்டில் அதிக டி.வி. வைத்திருந்த பிள்ளைகளிடம் இந்த மயக்கம் இன்னும் அதிகமாக இருந்தது.

யோசித்துப் பாருங்கள். ருசி நாக்கில் இருக்கிறது என்று நாம் நினைக்கிறோம். பிள்ளைக்கு ருசி கண்ணில் தொடங்குகிறது. காதில் தொடங்குகிறது. பாக்கெட் வாய்க்கு வரும் முன்பே, "இது நல்லா இருக்கும்" என்று பிள்ளையின் மனதில் எழுதியாகிவிட்டது.

அதே நாட்டில் 2009இல் இன்னொரு சோதனை முடிவு வந்தது. 7 முதல் 11 வயதுப் பிள்ளைகள் பொம்மைப் படம் பார்த்தார்கள். பக்கத்தில் கொறிக்கத் தின்பண்டம் வைத்திருந்தார்கள். சிலருக்குப் படத்தின் நடுவில் உணவு விளம்பரம் காட்டினார்கள். மற்றவர்களுக்கு வேறு பொருள்களின் விளம்பரம் காட்டினார்கள். உணவு விளம்பரம் பார்த்தவர்கள் 45 சதவீதம் அதிகமாகத் தின்றார்கள். அவர்கள் தின்ற பண்டம் விளம்பரத்தில் வந்ததே அல்ல. விளம்பரம் ஒரு பொருளை மட்டும் விற்கவில்லை. பசி இல்லாத நேரத்திலும் கையை வாய்க்குக் கொண்டுபோக வைக்கிறது.

நம் நாட்டில் எப்படி வந்தது?

தூர்தர்ஷனில் 1976 முதல் விளம்பரம் வருகிறது. அப்போது டி.வி. இருந்த வீடுகள் மிகக் குறைவு. 1983இல் மேகி நூடுல்ஸ் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. நம் நாட்டுக்கு அது புதுப் பண்டம். சோறா, ரொட்டியா, பலகாரமா என்று யாருக்கும் தெரியாது.

1984இல் தூர்தர்ஷனில் 'ஹம் லோக்' என்ற இந்தித் தொடர் வந்தது. குடும்பக் கட்டுப்பாடு, பெண்களின் நிலை போன்றவற்றைக் கதை வழியாக மக்களுக்குச் சொல்ல நினைத்து எடுத்த தொடர் அது. நாடே உட்கார்ந்து பார்த்தது. அந்தத் தொடருக்குப் பணம் கொடுத்து விளம்பரம் செய்தது நூடுல்ஸ் கம்பெனி. மக்களுக்குப் பாடம் சொல்ல வந்த தொடர், நூடுல்ஸ் தின்னவும் சேர்த்துக் கற்றுக்கொடுத்துவிட்டது!

அந்த நூடுல்ஸ் விளம்பரத்தில் பிள்ளைகள் பசியோடு வீட்டுக்கு ஓடி வருவார்கள். அம்மா இரண்டு நிமிடம் பொறுக்கச் சொல்வாள். உடனே தட்டு வந்துவிடும். அம்மா சிரிப்பாள், பிள்ளைகள் சிரிப்பார்கள். இதில் இரண்டு பேருக்குச் சேதி இருக்கிறது. பிள்ளைக்குச் சொல்வது, "இதைக் கேள்." அம்மாவுக்குச் சொல்வது, "இதைச் செய்து கொடுத்தால் நீ நல்ல அம்மா." 1990களில் கேபிள் டி.வி. வந்தது. பிள்ளைகளுக்கென்றே தனிச் சேனல்கள் வந்தன. நாள் முழுவதும் பொம்மைப் படம், நாள் முழுவதும் விளம்பரம்.

நல்ல அம்மா என்று சொல்லி விற்பது எனக்குப் பெரிய அநியாயமாகத் தோன்றுகிறது. வயலில் வேலை செய்து, செங்கல் சூளையில் வேலை செய்து, ஓடி வந்து உலை வைக்கிறாள் ஒரு தாய். அவள் கொடுக்கும் கேழ்வரகுக் கூழ் மட்டம், பாக்கெட்டில் வருவது உசத்தி என்று அவளையே நம்ப வைத்துவிடுகிறார்கள்.

'சத்து' என்ற சொல்

சிப்ஸில் சத்து இல்லை என்று நமக்கும் தெரியும். நாம் அதிகம் ஏமாறுவது 'சத்து' என்று எழுதிய டப்பாவில்தான். பாலில் கலக்கும் பொடியைக் குடித்தால் பிள்ளை உயரமாக வளரும், பரீட்சையில் முதலாவதாக வரும் என்று காட்டுவார்கள். வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர் வந்து பேசுவார். அவர் டாக்டரா, நடிகரா என்று யார் கேட்டார்கள்?

டப்பாவைத் திருப்பிப் பின்பக்கம் படியுங்கள். 100 கிராம் பொடியில் 30 கிராமுக்கு மேல் சர்க்கரை உள்ள டப்பாக்களும் உண்டு. அதாவது மூன்றில் ஒரு பங்கு சர்க்கரை. பொடியைப் பாலில் கலந்துதான் குடிக்கச் சொல்கிறார்கள். கோப்பையில் உள்ள நல்ல சத்தில் பெரும்பங்கு பாலின் சத்து. பேர் பொடிக்குப் போகிறது.

'ஆரோக்கிய பானம்' என்று ஒரு வகை நம் நாட்டு உணவுச் சட்டத்திலேயே இல்லை. உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006இல் வந்தது. அதில் அப்படி ஒரு பேருக்கு விளக்கம் கிடையாது. 2024 ஏப்ரலில் மத்திய அரசு, இணையத்தில் பொருள் விற்கும் கம்பெனிகளுக்கு ஓர் அறிவுரை அனுப்பியது. இப்படிப்பட்ட பானங்களை 'ஆரோக்கிய பானம்' என்ற தலைப்பின் கீழ் வைத்து விற்காதீர்கள் என்றது.

வயிறு சின்னது

பிள்ளையின் வயிறு சின்னது. அதில் என்ன போடுகிறோம் என்பது பெரிய விஷயம். மாலையில் இரண்டு பாக்கெட் சிப்ஸும் ஒரு குளிர்பானமும் போனால், இரவில் பருப்பும் கீரையும் எங்கே போகும்? "பசிக்கலை" என்று தட்டைத் தள்ளிவிடும்.

குளிர்பானம் 100 மில்லி லிட்டரில் சுமார் 10, 11 கிராம் சர்க்கரை இருக்கிறது. 200 மில்லி லிட்டர் பாட்டில் குடித்தால் 20 கிராமுக்கு மேல். ஒரு தேக்கரண்டிக்கு 5 கிராம் என்று கணக்குப் போடுங்கள். நாலு தேக்கரண்டிக்கு மேல் வருகிறது. நாலு கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கி நாம் பிள்ளைக்குக் கொடுப்போமா?

நம் நாட்டில் 2019 முதல் 2021 வரை தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு நடந்தது. ஐந்து வயதுக்கு உட்பட்ட 100 பிள்ளைகளில் சுமார் 35 பேர் வயதுக்கு ஏற்ற உயரம் இல்லை. 100க்கு 67 பிள்ளைகளுக்கு இரத்தசோகை. அதே நேரத்தில் எடை கூடிய பிள்ளைகளின் எண்ணிக்கையும் முந்திய கணக்கெடுப்பைவிடக் கூடியிருந்தது. ஒரு பக்கம் சத்துக் குறைவு, ஒரு பக்கம் வீண் சதை. பாக்கெட் உணவு இரண்டுக்கும் துணை போகிறது. அதில் உப்பு, சர்க்கரை, எண்ணெய் அதிகம். இரத்தம் ஊற வைக்கும் இரும்புச் சத்து குறைவு. உடல் வளர்க்கும் புரதமும் குறைவு.

இனிப்பு பல்லில் ஒட்டிப் பல் சொத்தையாவதை நாமே பார்க்கிறோம். அதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு கணக்குப் போடுவோம்

ஒரு பாக்கெட் 5 ரூபாய். வீட்டில் இரண்டு பிள்ளைகள். ஒரு நாளைக்கு 10 ரூபாய். மாதம் 30 நாள். 300 ரூபாய் ஆகிறது. வருடத்துக்கு 365 நாள். 3,650 ரூபாய்!

இன்னொரு கணக்கு. பாக்கெட்டின் எடை 12 கிராம் என்று வைத்துக்கொள்வோம். விலை 5 ரூபாய். அப்படியானால் ஒரு கிலோ என்ன விலை? 1000ஐ 12ஆல் வகுத்து 5ஆல் பெருக்குங்கள். சுமார் 416 ரூபாய் வரும். உங்கள் ஊரில் ஒரு கிலோ வேர்க்கடலை என்ன விலை? ஒரு கிலோ உருளைக்கிழங்கு என்ன விலை? பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

பல வருடங்களாக விலை அதே 5 ரூபாய்தான், ஏறவே இல்லை என்று நாம் நினைக்கிறோம். எடையைப் பாருங்கள். விலை நிற்கும், எடை இறங்கும். பாக்கெட் மட்டும் காற்றடைத்து உப்பலாக இருக்கும்.

படிப்பு மையத்தில் ஒரு பேச்சு

ஒரு படிப்பு மையத்தில் இந்தப் பாடத்தைப் படித்துவிட்டுப் பெண்கள் இப்படிப் பேசிக்கொள்வதாக வைத்துக்கொள்வோம்.

"டீச்சர், எல்லாம் சரிதான். பிள்ளை அழுதா என்ன செய்யறது? அடிச்சாலும் கேக்க மாட்டேங்குது" என்றாள் ஓர் இளம் தாய்.

"அடிக்காதேம்மா" என்றார் ஒரு பாட்டி. "அடிச்சா அந்தப் பாக்கெட் மேல ஆசை கூடத்தான் செய்யும். நான் என் பேரனுக்கு ஒரு விளையாட்டு சொல்லிக் குடுத்தேன். விளம்பரம் வந்ததும், 'இவங்க என்னடா விக்கறாங்க? யாருக்குக் காசு?'ன்னு கேப்பேன். முதல்ல முழிச்சான். இப்ப அவனே முந்திக்கறான். 'பாட்டி, பொய் சொல்றாங்க, சிப்ஸ் தின்னா யாராவது பறப்பாங்களா?'ங்கறான்."

எல்லாரும் சிரித்தார்கள்.

"அதுக்கப்புறம் சிப்ஸே கேக்கறது இல்லையா?"

"ஏன் கேக்க மாட்டான்? கேப்பான். ஞாயித்துக்கிழமை ஒண்ணு வாங்கித் தரேன். மத்த நாள்ல கேட்டா, 'இன்னிக்கு என்ன கிழமை?'ன்னு கேப்பேன். கிழமை எல்லாம் நல்லாப் படிச்சுக்கிட்டான்!"

"பசியோட கடைக்குக் கூட்டிட்டுப் போகக் கூடாது அக்கா" என்றாள் இன்னொருத்தி. "நான் கொஞ்சம் பொரியும் கடலையும் குடுத்துட்டுத்தான் கூட்டிட்டுப் போவேன். இல்லாட்டி ஒரு வாழைப்பழம். வயிறு நிறைஞ்சிருந்தா அழுகை பாதி குறையும்."

டீச்சர் சொன்னார்: "இன்னொண்ணும் இருக்கு. நாம டி.வி. பாத்துக்கிட்டே பிள்ளைக்கு ஊட்டறோம். போனைக் கையில குடுத்து ஊட்டறோம். அப்ப சோறு உள்ளே போகுது, விளம்பரமும் உள்ளே போகுது."

இளம் தாய் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "வேலை முடிச்சு வந்து, அது மென்னு தின்னற வரைக்கும் உக்கார நேரம் ஏது டீச்சர்?" என்றாள். அவள் சொன்னதும் நியாயம்தான். வீட்டில் அப்பாவும் இருக்கிறார். ஊட்டும் வேலையை அவரும் பகிர்ந்துகொள்ளலாம். இதைச் சொன்னதும் மையத்தில் மறுபடி சிரிப்பு.

சட்டம் என்ன சொல்கிறது?

பிள்ளை கேட்பது வீட்டோடு போகும் விஷயம் என்று சிலர் நினைக்கலாம். இல்லை. அரசுக்கும் இதில் கடமை உண்டு. சில சட்டங்கள் வந்திருக்கின்றன.

இரண்டு வயது வரை உள்ள பிள்ளைகளுக்கான பால் பவுடருக்கும், புட்டிப் பால் பாட்டிலுக்கும், குழந்தை உணவுக்கும் விளம்பரம் செய்யக் கூடாது. இந்தச் சட்டம் 1992இல் வந்தது. 2003இல் அதை இன்னும் இறுக்கினார்கள். தாய்ப்பாலுக்குப் போட்டியாக யாரும் விளம்பரம் செய்யக் கூடாது என்பதே இதன் நோக்கம்.

பள்ளிக்கூடம் பற்றிய விதி 2020இல் வந்தது. கொழுப்பு, உப்பு, சர்க்கரை அதிகம் உள்ள உணவைப் பள்ளிக்கூடத்துக்குள் விற்கக் கூடாது. பள்ளி வாசலைச் சுற்றி 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது. அங்கே பிள்ளைகளிடம் விளம்பரமும் செய்யக் கூடாது. 50 மீட்டர் என்றால் பெரியவர் நடையில் சுமார் 65, 70 எட்டு. உங்கள் பிள்ளையின் பள்ளி வாசலிலிருந்து ஒரு நாள் எண்ணி நடந்து பாருங்கள். அதற்குள் என்னென்ன தொங்குகிறது? பெற்றோர் கூட்டத்தில் இதைத் தலைமை ஆசிரியரிடம் கேட்கலாம்.

விளம்பரம் பற்றிய விதிகள் 2022இல் வந்தன. பிள்ளைகள் நிகழ்ச்சியின் நடுவிலும், பிள்ளைகள் சேனலிலும் சிப்ஸ், குளிர்பானம் போன்றவற்றுக்கு விளம்பரம் போடக் கூடாது. ஆதாரம் இல்லாமல், இதைத் தின்றால் அறிவு வளரும், பலம் வரும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லக் கூடாது.

விதி நல்ல விதிதான். ஆனால் அதில் பெரிய ஓட்டை இருக்கிறது. நம் பிள்ளைகள் பிள்ளைகள் நிகழ்ச்சி மட்டுமா பார்க்கிறார்கள்? நம்மோடு உட்கார்ந்து கிரிக்கெட் பார்க்கிறார்கள். சீரியல் பார்க்கிறார்கள். அங்கே அதே குளிர்பானம் வருகிறது. அதுவும் பிள்ளைகள் தெய்வமாக நினைக்கும் வீரரின் கையில் வருகிறது. சிலி என்ற நாட்டில் 2016இல் ஒரு சட்டம் நடப்புக்கு வந்தது. சர்க்கரை, உப்பு, கொழுப்பு அளவு மீறிய பாக்கெட்டின் முன்பக்கத்தில் பெரிய கறுப்பு முத்திரை போட வேண்டும். அப்படிப்பட்ட பாக்கெட்டில் பிள்ளைகளைக் கவரும் பொம்மைப் படமும் போடக் கூடாது. எழுதப் படிக்கத் தெரியாத தாயும் அந்த முத்திரையைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

பாக்கெட்டைப் படிப்போம்

இப்போது நமக்குப் படிக்கத் தெரியும். பாக்கெட்டின் முன்பக்கம் கம்பெனிக்காரர் பேசும் இடம். பின்பக்கம்தான் சட்டம் பேச வைக்கும் இடம். எழுத்து சின்னதாக இருக்கும். வெளிச்சத்தில் பிடித்துப் படியுங்கள். ஆங்கிலத்தில் இருந்தால் பள்ளிக்கூடம் போகும் உங்கள் பிள்ளையையே படித்துச் சொல்லச் சொல்லுங்கள்.

பொருள்களின் பட்டியல் ஒன்று இருக்கும். எது அதிகமோ அதை முதலில் எழுத வேண்டும் என்பது விதி. சர்க்கரை முதலாவதாகவோ இரண்டாவதாகவோ இருந்தால், அது சர்க்கரைப் பண்டம்தான். முன்பக்கம் பழத்தின் படம் போட்டிருக்கும். பட்டியலில் பழம் எத்தனையாவது இடத்தில் இருக்கிறது? சில பாக்கெட்டில் பழமே இருக்காது. பழத்தின் மணம் மட்டும் இருக்கும்.

ஒரு காலி பாக்கெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கீழே உள்ளதை நோட்டில் எழுதுங்கள்.

பொருளின் பெயர்:
விலை:
எடை:
ஒரு கிலோவுக்கு என்ன விலை ஆகிறது:
பட்டியலில் முதல் மூன்று பொருள்கள்:
100 கிராமில் சர்க்கரை எவ்வளவு:
தயாரித்த தேதி, கெடும் தேதி:
முன்பக்கத்தில் யார் படம் இருக்கிறது:
இந்தப் பாக்கெட்டை வாங்கச் சொன்னது யார்? நீங்களா, பிள்ளையா, விளம்பரமா:

பக்கத்து வீட்டுக்காரர் எழுதியதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். விளம்பரத்தில் சொன்னது பொய் என்று தெரிந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்து புகார் சொல்லலாம். பேசும்போது பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பொருளின் பெயர், கம்பெனியின் பெயர், விளம்பரம் எங்கே, எந்த நாளில் வந்தது என்பதைக் கேட்பார்கள்.